ஒரு மயிரிழை

ஆய்வகத்தின் கறுப்புத் திரை இடுக்கில் திண்டுக்கல் வெயில் ஒரு கோடாக விழுகிறது. வெளியே வேடசந்தூர் மில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. ஜெசிந்தா மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கிறாள். தோலின் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து ஓடும்படி ஜீன்களுக்குக் கட்டளையிடுகிறது ஒரு புரதம். அதைத் தடுக்க ஆராய்ச்சி மாணவிகளான ஜெசிந்தாவும் மகுடீஸ்வரியும் ஆளுக்கொரு ரசாயனம் தேடினார்கள். ஜெசிந்தாவினுடையது செல்களையே கொன்றுவிட்டது. இப்போது கண்ணுக்குக் கீழே இருப்பது மகுடீஸ்வரியினுடையது. தரையில் பதித்த கல்லைப் போல செல்கள் விளிம்போடு விளிம்பு ஒட்டி நிற்கின்றன. ஒன்றுகூடப் பிரியவில்லை. இவ்வளவு அழகாக இருப்பதுதான் ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. "எப்படிக்கா இருக்கு?" மகுடீஸ்வரியின் மூச்சு அவள் கழுத்தில் படுகிறது. "நல்லா இருக்குடி" என்று எழும்போது, ஜெசிந்தாவின் விரல் ஃபோகஸ் திருகை ஒரு மயிரிழை திருப்பிவிடுகிறது. பக்கத்தில் காத்திருந்த பேராசிரியர் கிளெமென்ட் உட்கார்ந்து கண்ணை வைக்கிறார். "என்னம்மா, ஒரே மங்கலா இருக்கு?" மகுடீஸ்வரி கைநீட்டித் திருகைச் சரிசெய்கிறாள். ஜெசிந்தாவின் பக்கம் திரும்பவே இல்லை. "அக்காவுக்குக் கண்ணுல பவர் இருக்குங்க சார். அவங்க கண்ணுக்கு வச்சுப் பாத்தாங்க." ஜெசிந்தாவின் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. அது மகுடீஸ்வரிக்கும் தெரியும்.