விட்டுக்கொடுத்த இடம்

நிறுத்தியிருக்கும் பேருந்தின் முன்கண்ணாடி வழியே இறங்கும் வெயில், ஓட்டுநர் தன் மகளிடம் நீட்டும் பயிற்சி வகுப்புச் சேர்க்கை ரசீதில் விழுகிறது. மருத்துவப் படிப்புக்காக ஓராண்டாகக் காத்திருப்பவள் அதைப் படிக்கிறாள்: உயிரியல். அவளுக்குக் குறைவது வேதியியல்; அதை இந்த ஆண்டு படிக்காவிட்டால் அடுத்த ஆண்டும் மருத்துவக் கல்லூரியில் அவளைச் சீந்தமாட்டார்கள். “கெமிஸ்ட்ரிதானேப்பா சொன்னேன்?” “ஒரே ஒரு சீட்டுதாம்மா இருந்துச்சு. பின்னாடி ஒரு பொண்ணு கண்ணக் கசக்கிட்டு நின்னுச்சு. மனசு கேக்கல, விட்டுக் குடுத்துட்டேன். டாக்டருக்கு பயாலஜிதானே முக்கியம்?” அவர் காக்கிச் சட்டையில் வேர்வை உப்பாகப் பூத்திருக்கிறது. சாப்பாட்டு நேரம் முழுக்க வரிசையில் நின்றதில், இருக்கைக்குப் பின்னால் டப்பா திறக்காமலே கிடக்கிறது. அவள் ரசீதை மடிக்கிறாள். “அந்தப் பொண்ணும் டாக்டருக்குத்தான் படிக்கப் போகுதாம்,” என்கிறார், முகமெல்லாம் சிரிப்பாக. “உன் நம்பரக் குடுத்திருக்கேன். சந்தேகம்னு கேட்டா சொல்லிக் குடு, பாவம்.” அவள் தலையாட்டுகிறாள்.