இடது பக்க இண்டிகேட்டர்

அந்தப் பழைய லாரி மறுபடியும் வாசலில் வந்து நின்றதும் எலக்ட்ரீஷியனின் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கவாதத்தில் விழுந்த மனுஷன் இப்போதுதான் எழுந்து நடமாடுகிறார். வலது கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அந்தக் கை திரும்புமா, பூட்டிய கடையைத் திறப்போமா என்று அவள் தினமும் செத்துப் பிழைக்கிறாள். அவருடைய சிநேகிதரான லாரிக்காரருக்கோ இண்டிகேட்டர்தான் உலகத்திலேயே பெரிய கவலை.

முதலில் எரியவில்லை என்றார். மறுநாள் எரிந்தது, மின்னவில்லை. இன்றைக்கு இடது பக்கம் போட்டால் பின்விளக்கெல்லாம் சேர்ந்து மினுக்குகிறதாம். எர்த் வயர் விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடிக்கவே கணவருக்கு மதியமாகிவிட்டது. நடுங்கும் விரல்களால் அவர் வயரைச் சீவி முறுக்குவதைப் பார்த்து அவள் வயிறு எரிந்தது.

வண்டி போனதும் கேட்டாள். "ஊர்ல வேற ஆளே இல்லையா? நோயாளியைப் போட்டு இந்தப் பாடு படுத்தறாரே."

"அவனைச் சொல்லாதே. கிழட்டு வண்டி, ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு போகுது" என்றார் அவர்.

மறுநாள் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அவளே கிளம்பினாள். லாரி தெருமுனையில் நின்றிருந்தது. லாரிக்காரர் பின்னால் குனிந்து, விளக்கின் மூடியைத் திறந்து, நன்றாயிருந்த வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் திருதிருவென்று விழித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"டாக்டர் குடுத்த ரப்பர் பந்தை அழுத்துடான்னா மூஞ்சியைத் திருப்பிக்கிறான்மா. வயரைக் கண்டாத்தான் அவன் விரல் அசையுது. அதான் தினமும் எதையாவது கழட்டிவிட்டுக் கொண்டுவர்றேன். அவன்கிட்ட சொல்லிடாதே, ரோஷக்காரன்."

வழியெல்லாம் வசவுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தவளுக்கு, காலையில் கணவர் யார் உதவியும் இல்லாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளும் குனிந்து விளக்குக்குள் பார்த்தாள்.

"இது வேண்டாம்ணே, நேத்துக் கழட்டினதுதானே, பார்த்ததுமே கண்டுபிடிச்சிடுவார். இன்னும் கஷ்டமானதா ஒண்ணைக் கழட்டுங்க."