மாணவர் எண் ஒன்று

"அக்கா, நானூறைத் தாண்டிருச்சு!" என்று துள்ளினான் ஜெய்சன்.

யாரும் இலவசமாகப் படிக்கலாம், யாரும் பாடம் நடத்தலாம் என்று ஐரினும் தம்பியும் பசுமலை வீட்டு மாடியில் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கி மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"கோரிப்பாளையம் புரோட்டா மாஸ்டர் சோணை அண்ணன் சேர்ந்துட்டாரு. ரிட்டயர்டு ஹெச்.எம். ஞானசீலன் சாரும் சேர்ந்துட்டாரு!"

"இந்த வயசுலயும் படிக்க எம்புட்டு ஆசை பாரேன்!" ஐரினுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டியலைத் திறந்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஆசிரியராகச் சேர்ந்திருந்தார்கள். மாணவர் ஒருவர்கூட இல்லை.

இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"அக்கா, சோணை அண்ணனோட முதல் வகுப்பு இன்னும் பத்து நிமிஷத்துல!"

ஐரின் மாணவர் பகுதியில் தன் பெயரைப் பதிந்தாள்.

"டேய், ஓடிப்போயி மைதா வாங்கிட்டு வா. வெறுங்கையோட உக்காந்தா வாத்தியார் திட்டுவாரு!"