கைக்குள் இருந்த போல்ட்

பத்து மணிக்குக் கிளம்பினால்தான் செங்கமலம் இரண்டு மணிக்குள் கோவையில் வேலைக்குச் சேர முடியும். இனி மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவாள். பெட்டி வாசலில் தயாராக இருந்தது. கணவன் இளம்பரிதி ஏழரையிலிருந்து காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். பழைய கியர் ஆயிலோடு அவ்வளவு தூரம் ஓட்டக்கூடாது என்று சொன்னதே அவன்தான்.

"முடிஞ்சுதாங்க?"

"இன்னும் சொட்டுதும்மா. வடிஞ்ச அளவைப் பார்த்துத்தான் புதுசு ஊத்தணும்."

"ரெண்டு மணி நேரமாவா? ஆயிலா, அருவியா?"

அவள் குனிந்து பார்த்தாள். காருக்கடியில் வைத்திருந்த தட்டில் கறுத்த ஆயில் அசையாமல் கிடந்தது. மேலே ஆயில் வடியும் துளையில் ஒரு துளிகூட இல்லை.

"அடைக்கிற போல்ட் எங்க?"

"இங்கதான் எங்கயோ உருண்டுடுச்சு."

அவன் வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. செங்கமலம் புதுச் சேலையோடு தரையில் படுத்து, கையை நீட்டினாள். வெகுநேரம் கழித்து அவன் விரல்களைப் பிரித்தான்.

அவள் உள்ளங்கையில் விழுந்த போல்ட் கதகதப்பாக இருந்தது. வண்டி நேற்று மதியத்திலிருந்து ஓடவே இல்லை.

மணி ஒன்பதே முக்கால். போல்ட்டை முடுக்க அவள் இன்னும் ஸ்பேனரைக் கேட்கவில்லை.