கண்ணாடிக்கு எதிர் நாற்காலி

ஷட்டர் மேலே ஏறியதும் யோகேஸ்வரிக்குத் தலை சுற்றியது.

கடை என்னவோ அழகாகத்தான் இருந்தது. துண்டு அடுக்கும் அலமாரி, காத்திருப்பவர்களுக்கு பெஞ்சு, செடி வைக்க மூலையில் ஒரு முக்காலி, எல்லாம் அவள் வரைந்தது வரைந்தபடி. ஆனால் இந்தப் பக்கம் இருக்க வேண்டியதெல்லாம் அந்தப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்துச் சாமான் பூராவும் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மம்சாபுரம் போகிற ரோட்டில் இருக்கும் சிவபாண்டியின் சலூன் அது. இராஜபாளையத்துப் பெண்ணான யோகேஸ்வரிக்கு, இன்டீரியர் டிசைன் படிப்பில் கடைசி வருட ப்ராஜெக்ட்.

இதற்கு முன் அவள் செய்ததெல்லாம் காகிதத்தோடு சரி. முதல் வருடம் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டல் கட்டினாள். இன்றுவரை ஒருவரும் வந்து தங்கவில்லை. இரண்டாம் வருடம் ஒரு பல் ஆஸ்பத்திரி, ஒரு மில் கேன்டீன், ஒரு பால்கோவா கடை. அந்தக் கடையில் ஒரு ஈகூட மொய்க்கவில்லை.

நிஜமான ஆணி, நிஜமான பலகையில் இறங்கியது இந்தச் சலூனில்தான். இறங்கியும் இப்படி.

மரவேலை செய்த ஆசாரிக்குப் போன் போட்டாள். கொடுத்த படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்ததாக அவர் சத்தியம் செய்தார். பொய்யில்லை. ஒட்டும்போது முன்பக்கம் சுவரோடு போய்விட்டது, அவ்வளவுதான்.

ட்ரேசிங் தாளில் கோடு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். எது முன்பக்கம் என்று காட்ட ஒரே ஒரு எழுத்து போதும். எழுதினால் படத்தின் லட்சணம் போய்விடும் என்று இந்த மகராசி ஒன்றும் எழுதவில்லை. அளவையெல்லாம் வாயால் சொன்னாள். முன்னால் முழுக்க ஷட்டர், மற்ற மூன்று பக்கமும் வெறும் சுவர் என்பதால் திருப்பிப் போட்டாலும் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

ஒரு வாரமாகப் பரீட்சை. இவளும் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

மதுரையிலிருந்து மார்க் போட வரும் ஆல்வின் சார் கிருஷ்ணன்கோவில் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது. படத்தை அவருக்கு முன்பே அனுப்பியாயிற்று; படமும் கடையும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் அரியர். வகுப்பே பட்டம் வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும்போது இவள் மட்டும் இன்னொரு வருடம் பஸ் ஏற வேண்டும்.

சவர நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். எதிரே சுவர் நிறையக் கண்ணாடி.

நிமிர்ந்து பார்த்தாள். சாருக்குக் காட்ட எடுத்து வந்து மடியில் வைத்திருந்த படத்தின் பிரதியைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடிச் சுவரில் முதுகைச் சாய்த்து வாசலைப் பார்த்தால் கடை எப்படித் தெரியும் என்று வரைந்த படம் அது. அதே கடை, இம்மி பிசகாமல், கண்ணாடிக்குள் இருந்தது. அலமாரி சரியான பக்கம். பெஞ்சு சரியான பக்கம். செடிகூட.

யோகேஸ்வரிக்குச் சிரிப்பு பீறிட்டது. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். சந்தோஷம் தாங்காமல் இன்னொரு சுற்று. பாப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சிவபாண்டி தண்ணீர் எடுக்க ஓடினார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். சார் வந்ததும் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். என்ன ஆனாலும் நாற்காலியைத் திருப்பக் கூடாது.

ஆல்வின் சார் வந்தார். நல்ல உயரம், நாலு நாள் தாடி. வாசலில் நின்று ஒரு நிமிஷம் கடையை அளந்தார். அதற்குள் யோகேஸ்வரி பையை வாங்கிக்கொண்டு, வெயிலில் வந்திருக்கிறீர்கள், உட்காருங்கள் என்று அவரை ஏறக்குறைய தள்ளிக்கொண்டே போனாள். சிவபாண்டி பழக்கதோஷத்தில் வெள்ளைத் துணியை உதறி, கழுத்தைச் சுற்றிக் கட்டியே விட்டார்.

"செத்த நேரம் சாஞ்சுக்கோங்க சார். தாடி பாக்கச் சகிக்கல."

சாரும் என்ன நினைத்தாரோ, சாய்ந்துகொண்டார்.

யோகேஸ்வரி படத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். அவர் படத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், தலையாட்டினார். கன்னத்தில் நுரை ஏறியது. பெஞ்சு ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டார்; வெயில் படாது என்றாள். பதில் சொன்ன பிறகுதான், வெயில் இப்போது அந்தப் பெஞ்சில்தான் நன்றாக அடிக்கிறது என்பது ஞாபகம் வந்தது. கண்ணாடியிலும் அடித்தது.

அதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிடரியில் கத்தி போடும் நேரம் வந்தது. சிவபாண்டியின் கை தன்னையறியாமல் நாற்காலியைத் திருப்பப் போனது. யோகேஸ்வரி அதன் கால் வைக்கும் தட்டைத் தன் காலாலேயே அழுத்திப் பிடித்தாள். அந்த மனிதர் பாவம், சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் நுழைந்து, வளைந்து நெளிந்து வேலையை முடித்தார்.

சார் எழுந்து, துணியை உதறி, கண்ணாடிக்குக் கீழிருந்த பலகையிலேயே தாளை வைத்து மார்க் போட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

யோகேஸ்வரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு ரோடு வரைக்கும் கூடவே போனாள். கடைக்கு முதுகு காட்டியபடி அவரை நடக்க வைப்பதிலும் கவனமாக இருந்தாள். கார்க் கதவு வரை எல்லாம் நல்லபடியாக நடந்தது.

ஆல்வின் சார் வழவழவென்றிருந்த தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"உள்ள நுழையும்போதே பாத்துட்டேன்மா. மார்க்கு படத்துக்கு இல்ல. என்னைய உக்கார வச்ச எடத்துக்கு."