பெரிய டிரைவ் பொறுப்பை ஒப்படைத்த கதை

ஒரு மேசையில் பழைய வீட்டுக் கணினி ஒன்று இருந்தது. அதற்குப் பெரியவன், சின்னவன் என்று இரண்டு பிளாப்பி டிரைவ்கள். எழுத்துரு வேண்டுமென்றாலும் கட்டளை வேண்டுமென்றாலும் கணினி பெரியவனிடம்தான் வந்து நிற்கும். அவன் வாயிலிருக்கும் பிளாப்பியைத் துப்பிவிட்டு, அவையெல்லாம் இருக்கும் சிஸ்டம் பிளாப்பியை விழுங்க வேண்டும். ஒரு கடிதம் அடித்து முடிப்பதற்குள் இப்படி முப்பது தடவை. சின்னவனோ சும்மா உட்கார்ந்திருந்தான்.

"போதும்டா சாமி!" என்று ஒருநாள் பெரியவன் உறுமினான். "சிஸ்டம் பிளாப்பியைத் தம்பிகிட்ட கொடுத்துடு. இனிமே கோப்புகள் இருக்கிற எல்லா டைரக்டரிக்கும் அவன் விலாசம்தான். ஒரு தடவைகூட நான் சுத்த மாட்டேன்."

"அப்புறம் மனசு மாறக் கூடாது" என்றது கணினி.

"மாறினா என்னைக் கழட்டிப் போடு."

கணினி ஒவ்வொன்றாக விலாசம் மாற்றியது. எழுத்துருக்கள் போயின, பிரிண்டர் கோப்புகள் போயின, கடைசியாகக் கட்டளைகளும் போயின. ஒவ்வொன்றுக்கும் பெரியவன், "ம், அடுத்தது" என்றான்.

அன்றைய கடிதம் ஒரே மூச்சில் முடிந்தது. காலி வாயோடு பெரியவன் ஓய்வாக இருந்தான்.

'டிக்' என்று அவனிடமிருந்து ஒரு சத்தம்.

"என்னண்ணே?" என்றான் சின்னவன்.

"ஒண்ணுமில்லை. நீ வேலையைப் பாரு."

இரண்டு நொடியில் மறுபடியும் 'டிக்'.

"அண்ணே, உன்னை யாரும் கூப்பிடலையே!"

"தெரியும்டா, வாயில பிளாப்பி ஏதாவது வந்திருக்கான்னு பார்த்துக்கறேன்" என்றான் பெரியவன். "யாராவது வந்து நின்னா, ஆளில்லைன்னு திரும்பிப் போயிடக் கூடாதில்ல?"