நாலு பெயர் ஸ்டேடியம்

அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் ஒரு பேஸ்பால் ஸ்டேடியம் இருந்தது. போரில் செத்துப்போன உள்ளூர்ப் பையன்களுக்காகக் கட்டியது. அதனால் ‘வீரர் நினைவு ஸ்டேடியம்’ என்று பெயர்.

கூரை ஒழுகியபோது ஒரு வங்கி வந்தது. “கூரை போட்டுத் தர்றேன். பத்து வருஷத்துக்கு என் பெயரை மாட்டிக்கோ.”

“வேண்டாம்ணே” என்றது உத்தரத்தில் குடியிருந்த புறா.

“அட போடா! பலகைதானே மாறுது, என் சுவரா மாறுது?” என்று சீறியது ஸ்டேடியம்.

வங்கிக்குப் பிறகு சோப்புக் கம்பெனி வந்து நாற்காலி போட்டது. அப்புறம் செல்போன் கம்பெனி விளக்கு போட்டது. பலகை மாறிய ஒவ்வொரு தடவையும் ஸ்டேடியம் கறாராகப் பேரம் பேசி ஜெயித்தது.

பிறகு ஒரு நாள் நகரசபை அதை இடிக்க முடிவு செய்தது. ஐயாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னது.

ஊரே திரண்டது. கிழவர்கள் வீரர் நினைவு ஸ்டேடியத்தைக் காப்பாற்றச் சொன்னார்கள். பிள்ளைகள் வங்கி ஸ்டேடியத்தை, பேரன்கள் சோப்பு ஸ்டேடியத்தை, பொடிசுகள் செல்போன் ஸ்டேடியத்தை. நாலு ஸ்டேடியத்துக்கு நாலு மனு. எதிலும் ஐயாயிரம் தேறவில்லை.

புல்டோசர் வந்து நின்றது.

“தம்பி, அந்த நாலும் நான்தான்! கூட்டிப் பாருப்பா!” என்று கதறியது ஸ்டேடியம். “உன் உத்தரவுத் தாளில் என் பெயர் என்னன்னு போட்டிருக்கு?”

புல்டோசர் தாளைப் புரட்டிப் பார்த்தது.

“பெயர் எதுவும் இல்லண்ணே. இங்கே வரப்போறது கார் நிறுத்துமிடம்னு மட்டும்தான் போட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு, முதல் சுவரில் கை வைத்தது.